கண் இமை அழற்சி: அறிந்துகொள்வோம், நாளாந்தம் பராமரிப்போம்



காலையில் கண்விழிக்கும்போது இமைமயிர்கள் பீளையால் ஒட்டிக்கிடக்கின்றன. இமை ஓரம் சிவந்து தடித்திருக்கிறது. மணல் விழுந்தது போலக் கண் உறுத்துகிறது, எரிகிறது, கடிக்கிறது. முகம் கழுவினால் சற்றுக் குறைகிறது. பகல் வேலையில் மறந்துபோகிறது. மறுநாள் காலையில் மீண்டும் அதே கதைதான். இப்படி மாதக்கணக்கில், சிலர் வருடக்கணக்கில் சிரமப்படுவதை நாம் பணிசெய்யும் கிராமங்களிலும் குடியேற்றங்களிலும் காண்கிறோம்.

இதனைச் சிலர் உடம்புச் சூடு என்கின்றனர். சிலர் கண்ணூறு என்கின்றனர். சிலர் தொற்றுநோய் என்று அஞ்சிப் பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பாமல் மறிக்கின்றனர். பலர் மருந்துக் கடையில் ஒரு போத்தல் சொட்டு மருந்தை வாங்கி விடுகின்றனர். இரண்டு நாள் சுகம். பின்னர் மீண்டும் ஒரு போத்தல். கூலி வேலையில் கிடைத்த காசு இப்படியே கரைகிறது. அதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. கேட்டறியாமல் வாங்கி விடும் அந்த மருந்துகளில் சில, பார்வையையே பறிக்கக் கூடியவை.

இந்த நோயின் பெயர் இமை அழற்சி. இப்பாடத்தில் நாம் படிக்கப்போவது மூன்று விடயங்கள்: இந்த நோய் ஏன் வருகிறது, வீட்டில் நாமே எவ்வாறு பராமரிக்கலாம், எப்போது தாமதியாமல் வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். பாடத்தின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இந்த நோயை ஒரு போத்தல் மருந்தால் வேரோடு பிடுங்க முடியாது. ஆனால் ஒரு கோப்பை இளஞ்சூட்டுத் தண்ணீர், ஒரு சுத்தமான துணி, காலையும் இரவும் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகியவற்றைக் கொண்டு அதனை அடக்கி வைக்கலாம்.

1. இமை எப்படி வேலை செய்கிறது?

இமை வெறும் தோல் மடிப்பு அன்று. அது கண்ணின் கதவு. கண்ணைக் கழுவித் துடைக்கும் துணியும் அதுவே. நாம் நிமிடத்துக்குப் பதினைந்து தடவை அளவில் கண் சிமிட்டுகிறோம். ஒவ்வொரு சிமிட்டலிலும் இமை கண்ணீரைக் கண்ணின் மேல் ஒரே சீராகப் பூசிவிடுகிறது.

இமையின் ஓரத்தைக் கண்ணாடியில் உற்றுப் பாருங்கள். முன்புறத்தில் இமைமயிர்கள் முளைத்திருக்கும். அவற்றுக்குச் சற்றுப் பின்னால், கண்ணைத் தொடும் பக்கமாக, ஊசிமுனை அளவான துவாரங்கள் வரிசையாக இருக்கும். இவை எண்ணெய்ச் சுரப்பிகளின் வாய்கள். மேல் இமையில் 25 முதல் 40 வரையும், கீழ் இமையில் 20 முதல் 30 வரையும் இத்தகைய சுரப்பிகள் உள்ளன. ஜேர்மனியைச் சேர்ந்த ஹைன்றிக் மைபோம் என்ற மருத்துவர் 1666ஆம் ஆண்டில் இவற்றை விபரித்து எழுதினார். அதனால் இன்றும் இவை மைபோமியன் சுரப்பிகள் என்றே அழைக்கப்படுகின்றன.

இச்சுரப்பிகளிலிருந்து வரும் எண்ணெய் கண்ணீரின் மேல் மெல்லிய படலமாகப் பரவுகிறது. எண்ணெய்ப் படலம் இருந்தால் அடியிலுள்ள கண்ணீர் விரைவில் ஆவியாகாது. அந்த எண்ணெய் குறைந்தால் அல்லது கெட்டுப்போனால் கண் விரைவில் காய்ந்துவிடும். காய்ந்த கண் எரியும். எரியும் கண்ணில் நீர் ஊறும். "கண்ணால் தண்ணீர் ஓடுகிறது, எப்படிக் கண் காய்ந்திருக்க முடியும்?" என்று பலர் கேட்பதுண்டு. கண் காய்வதனால்தான் அந்த நீர் அதிகமாக ஓடுகிறது. ஆனால் எண்ணெய் இல்லாத நீர் கண்ணில் நிற்காமல் வழிந்துவிடுகிறது.

2. அழற்சி ஏன் ஏற்படுகிறது?

அழற்சி என்பது உடலின் ஒரு பகுதி தாக்கத்துக்கு உள்ளாகும்போது சிவந்து, வீங்கி, சூடேறி, நோவெடுப்பது. இமை ஓரத்தில் இது இரண்டு விதமாக வரும்.

முதலாவது, முன்புற அழற்சி. இது இமைமயிர்களின் அடியில் ஏற்படுவது. எல்லோருடைய தோலிலும் சாதாரணமாகக் கிருமிகள் வாழ்கின்றன. இமை ஓரத்தில் அழுக்கும் எண்ணெயும் செதிலும் தேங்கும்போது அவை அளவுக்கு மிஞ்சிப் பெருகி, தோலை உறுத்தும் கழிவுகளை வெளியிடுகின்றன. தலையிலும் புருவத்திலும் பொடுகு உள்ளவர்களுக்கு இமையிலும் அதே செதில்கள் தோன்றும். இன்னும் சிலருக்கு டெமோடெக்ஸ் எனப்படும் நுண்ணிய உண்ணி இமைமயிரின் அடியில் பெருகுகிறது. அதன் நீளம் ஒரு மில்லிமீற்றரின் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். வெறும் கண்ணுக்குத் தெரியாது. வயது வந்தவர்களில் பெரும்பாலானோரின் தோலில் அது தீங்கின்றி வாழ்கிறது. அளவுக்கு மிஞ்சினால்தான் தொல்லை.

இரண்டாவது, பின்புற அழற்சி. இது எண்ணெய்ச் சுரப்பிகளின் வாய்கள் அடைபடுவதால் வருவது. மார்கழிக் குளிரில் போத்தலில் உள்ள தேங்காய் எண்ணெய் உறைந்து வெளியே வராமல் நிற்பதை நாம் அறிவோம். சுடுதண்ணீரில் போத்தலை வைத்தால் அது இளகி ஊற்றெடுக்கும். இமையின் எண்ணெயும் அப்படித்தான். நோயுற்ற சுரப்பியில் அது தடித்து, பற்பசை போலாகி, வாயை அடைத்துவிடுகிறது. இதற்கு ஏன் சுடுதுணி ஒத்தடம் மருந்தாகிறது என்பது இப்போது விளங்கும்.

பலருக்கு இந்த இரண்டு வகைகளும் சேர்ந்தே இருக்கும். எந்த வகையானாலும் வீட்டுப் பராமரிப்பு ஒன்றுதான்.

இங்கே ஒரு விடயத்தை வலியுறுத்த விரும்புகிறோம். இமை அழற்சி பொதுவாக ஒருவரிலிருந்து மற்றவருக்குத் தொற்றுவதில்லை. இந்த நோயுள்ளவரை ஒதுக்கி வைக்கவோ, பிள்ளையைப் பாடசாலையிலிருந்து நிறுத்தவோ தேவையில்லை. இது யாருடைய பார்வை பட்டும் வருவதன்று. அசுத்தமானவர்களுக்குத்தான் வரும் என்பதும் தவறு. நல்ல வசதியோடு வாழ்பவர்களுக்கும் இது வருகிறது.

3. எமது வாழ்க்கை நிலைமையும் இந்த நோயும்

இந்த நோய் உலகெங்கும் உள்ளது. எனினும் போராலும் வெள்ளம், மண்சரிவு போன்ற அனர்த்தங்களாலும் இடம்பெயர்ந்து, தற்காலிகக் கொட்டில்களிலும் உறவினர் வளவுகளிலும் வாழும் குடும்பங்களுக்கு இதன் தொல்லை கூடுதலாக இருப்பதற்குக் காரணங்கள் உண்டு.

தகரக் கொட்டிலுக்குள் அடுப்பெரிக்கும்போது புகை வெளியேற வழியில்லை. அந்தப் புகையில் அதிக நேரம் நிற்பவர்கள் பெண்களும் அவர்களின் மடியிலுள்ள குழந்தைகளும். மரமில்லாத வெளியில் காற்றடித்தால் புழுதி வீட்டுக்குள் வருகிறது. நெல் வெட்டும் காலத்தில் தூசும் பதரும் கண்ணில் விழுகின்றன. கிருமிநாசினி தெளித்த கையால் வியர்வையைத் துடைக்கும்போது கண் எரிகிறது. புகையும் தூசும் மட்டுமே இந்த நோயை உண்டாக்குவதில்லை. ஆனால் ஏற்கெனவே அழற்சியுள்ள இமையை அவை ஓயாமல் கிளறிக்கொண்டிருக்கின்றன. கண் கடிக்கக் கடிக்க நாம் கசக்குகிறோம். கசக்கக் கசக்க அழற்சி கூடுகிறது.

தண்ணீரும் ஒரு பெரிய காரணம். அனர்த்தக் காலங்களில் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்குக் குடிக்கவும், சமைக்கவும், உடலைச் சுத்தம் செய்யவும் குறைந்தது 15 லீற்றர் தண்ணீர் கிடைக்க வேண்டும் என்று நிவாரண அமைப்புகள் கைக்கொள்ளும் ஸ்பியர் கைநூல் கூறுகிறது. தண்ணீர் குறையும்போது வீட்டில் முதலில் தன் பங்கை விட்டுக்கொடுப்பவர் யார்? பெரும்பாலும் தூரத்திலிருந்து குடத்தில் சுமந்து வந்த தாய்தான். பிள்ளைகளைக் கழுவிவிட்டுத் தன் முகத்தை முந்தானையால் துடைத்துக்கொள்வார். ஆகவே ஒரு தாயின் சிவந்த இமை, அந்தக் குடியிருப்பில் தண்ணீர் எப்படிப் பங்கிடப்படுகிறது என்பதையும் எமக்குச் சொல்லக்கூடும். நாம் கீழே கூறும் பராமரிப்புக்கு ஒரு வேளைக்கு இரண்டு கோப்பை தண்ணீர் போதும். அது அந்தத் தாய்க்கும் உரியது என்பதைக் குடும்பத்தினர் உணர வேண்டும்.

4. எப்படி இனங்காண்பது?

இமை அழற்சியின் அடையாளங்கள் இவை:

• இரண்டு கண்களின் இமை ஓரங்களும் சிவந்து தடித்திருத்தல்.
• இமைமயிரின் அடியில் பொடுகு போன்ற செதில் அல்லது மஞ்சள் நிறப் பொருக்கு ஒட்டியிருத்தல்.
• காலையில் தொல்லை கூடுதலாக இருத்தல், இமைமயிர்கள் ஒட்டிக்கொள்ளுதல்.
• எரிவு, கடி, மணல் விழுந்தது போன்ற உறுத்தல்.
• பார்வை சற்று மங்கி, கண் சிமிட்டியவுடன் தெளிதல்.
• நாட்பட்டால் இமைமயிர் உதிர்தல் அல்லது கண்ணை நோக்கி வளைந்து முளைத்தல்.
• அடிக்கடி கண்கட்டி வருதல்.

வேறு நோய்களோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஊரில் ஒரே நேரத்தில் பலருக்குப் பரவும் கண்நோயில் விழியின் வெள்ளைப் பகுதி முழுவதும் சிவக்கும். பீளை அதிகம் வரும். சில நாட்களில் தொடங்கி ஓரிரு வாரங்களில் பெரும்பாலும் மாறிவிடும். அது தொற்றுவது. இமை அழற்சியோ மெல்ல வந்து நீண்ட காலம் நிற்பது. இமை ஓரமே முக்கியமாகச் சிவக்கும்.

கண்கட்டி என்பது இமைமயிரின் அடியிலோ சுரப்பியிலோ சீழ் பிடித்து, நோவுடன் எழும் சிறு கட்டி. நோவில்லாமல் இமைக்குள் கடலை போல உருளும் கட்டியும் உண்டு. அது அடைபட்ட எண்ணெய்ச் சுரப்பி. இரண்டுக்கும் சுடுதுணி ஒத்தடம் நல்லது. உள்ளங்கையில் விரலைத் தேய்த்துச் சூடேற்றிக் கண்கட்டியில் வைப்பதை எமது முதியோர் செய்து வந்துள்ளனர். சூடு நல்லது என்ற அவர்களின் அறிவு சரியானதே. ஆனால் வேலை செய்த விரலை விடச் சுத்தமான துணி பாதுகாப்பானது. கட்டியை ஊசியால் குத்தவோ நெரித்துப் பிதுக்கவோ கூடாது.

மாலைக்கண் முற்றிலும் வேறு நோய். அது விற்றமின் ஏ குறைவால் வருவது. அதற்கு இமை ஒத்தடம் பயன்தராது.

5. வீட்டுப் பராமரிப்பு: நான்கு படிகள்

தேவையானவை: கொதித்தாறிய தண்ணீர் இரண்டு கோப்பை, சவர்க்காரம், சுத்தமான பருத்தித் துணித் துண்டுகள். பழைய சாரத்திலோ சேலையிலோ மென்மையான பகுதியைக் கிழித்து எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொருவருக்கும் வேறு துணி இருக்க வேண்டும். பாவித்தபின் சவர்க்காரமிட்டுக் கழுவி, நல்ல வெயிலில் காயவிடவும். வாரத்தில் ஓரிரு தடவை கொதிநீரில் அவிக்கவும்.

விறகுக்குத் தனியாகச் செலவழிக்கத் தேவையில்லை. காலையில் தேநீருக்குத் தண்ணீர் வைக்கும்போது இரண்டு கோப்பை கூடுதலாக வைக்கவும். இரவில் சமைத்து முடிந்த அடுப்பின் தணலே போதும்.

முதலாம் படி, கை கழுவுதல். சவர்க்காரமிட்டு, நகக்கண்கள் உட்பட நன்றாகக் கழுவவும். வயலிலிருந்து வந்த கையோடு கண்ணைத் தொட வேண்டாம்.

இரண்டாம் படி, ஒத்தடம். துணியை இளஞ்சூடான தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய இமைகளின் மேல் 5 முதல் 10 நிமிடம் வரை வைத்திருக்கவும். துணி ஆறினால் மீண்டும் நனைத்துப் பிழியவும். சூட்டை முதலில் மணிக்கட்டின் உட்புறத்தில் பார்க்கவும். குழந்தையைக் குளிப்பாட்டும் தண்ணீரை விடச் சற்றுக் கூடிய சூடு போதும். இமையின் தோல் மிக மெல்லியது. சுட்டுக்கொண்டால் நன்மையை விடத் தீமையே அதிகம். பிள்ளைகளுக்குப் பெரியவர்களே செய்துவிட வேண்டும். கொதிக்கும் பானையின் மேல் முகத்தைப் பிடித்து ஆவி பிடிப்பது இதற்கு வேண்டாம்.

மூன்றாம் படி, வருடுதல். கண்ணை மூடியபடி, விரல் நுனியால் மேல் இமையை மேலிருந்து கீழ்நோக்கியும், கீழ் இமையைக் கீழிருந்து மேல்நோக்கியும், அதாவது இமைமயிரை நோக்கி, மெதுவாக வருடவும். ஒவ்வோர் இமைக்கும் ஐந்தாறு தடவை போதும். இளகிய எண்ணெய் இதனால் வெளியே வரும். விழிக்கோளத்தை அழுத்தக் கூடாது. கண் அழுத்த நோய்க்குச் சிகிச்சை பெறுபவர்களும், அண்மையில் கண்ணில் சத்திரசிகிச்சை செய்தவர்களும் வைத்தியரைக் கேட்காமல் இந்தப் படியைச் செய்ய வேண்டாம்.

நான்காம் படி, துடைத்தல். கொதித்தாறிய தண்ணீர் அரைக் கோப்பையில் குழந்தைகளுக்கான ஷாம்பூ இரண்டு மூன்று துளி கலக்கவும். அது இல்லையென்றால் ஒரு கோப்பை கொதித்தாறிய தண்ணீரில் கால் தேக்கரண்டி அப்பச்சோடா கரைக்கவும். அதுவும் இல்லையென்றால் கொதித்தாறிய வெறும் தண்ணீரே போதும். புதிய துணியின் முனையை அதில் நனைத்து விரலில் சுற்றி, கண்ணை மூடிக்கொண்டு, இமைமயிரின் அடியில் ஓரத்தோடு ஓரமாகத் துடைக்கவும். பொருக்கு ஊறி இளகிவிட்டதால் இலேசாக வந்துவிடும். வராததை உரித்தெடுக்க வேண்டாம், நாளைக்கு வரும். மற்றக் கண்ணுக்குத் துணியின் வேறு முனையைப் பாவிக்கவும். கடைசியில் வெறும் தண்ணீரால் துடைத்துவிடவும். கலந்த தண்ணீரை மறுநாளைக்கு வைத்திருக்க வேண்டாம்.

இதனைக் காலையும் இரவும் செய்ய வேண்டும். சில வாரங்களில் நல்ல மாற்றம் தெரியும். அதன்பின் நாளுக்கு ஒரு தடவையாகக் குறைக்கலாம். ஆனால் அடியோடு விட்டுவிடக் கூடாது. சுகம் கண்டவுடன் விட்டுவிடுவதே பலரும் செய்வது. ஒருமுறை களை பிடுங்கிவிட்டால் அந்தப் போகம் முழுவதும் களை வராது என்று எந்த விவசாயியும் நம்பியிருப்பதில்லை. வரும், வரும்போதெல்லாம் பிடுங்குவோம், அப்போது பயிர் பிழைக்கும். இமைக்கும் அதே பொறுமைதான் வேண்டும்.

தலையில் பொடுகு இருந்தால் அதற்கும் சேர்த்துச் சிகிச்சை பெறவும். இமை அழற்சி உள்ளபோது கண்ணுக்கு மை தீட்டுவதைத் தவிர்க்கவும். அடுப்பை இயன்றளவு காற்றோட்டமான பக்கம் மாற்றவும். சூடடிக்கும்போதும் பதர் தூற்றும்போதும் கண்ணாடி அணியவும். தொலைபேசித் திரையை நெடுநேரம் பார்க்கும் பிள்ளைகள் கண் சிமிட்டுவது குறைகிறது. அதனால் கண் மேலும் காயும்.

6. செய்யக் கூடாதவை

தோபித்து என்னும் மனிதரின் வரலாற்றைக் கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் வாசிக்கிறோம். அவரும் சொந்த மண்ணிலிருந்து நினிவே நகருக்குக் கொண்டுசெல்லப்பட்ட ஓர் அகதி. கேட்பாரற்றுக் கிடந்த தம் இனத்தவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்த இரவில் அவர் முற்றத்துச் சுவரோரம் படுத்திருந்தார். குருவிகளின் எச்சம் அவருடைய கண்களில் விழுந்தது, வெண்படலம் தோன்றியது. மருந்து பூசப் பூச நோய் கூடியதேயன்றிக் குறையவில்லை. ஈற்றில் பார்வை போயிற்று. அதன்பின் அவருடைய மனைவி அன்னா கூலிக்கு வேலை செய்து குடும்பத்தைக் காப்பாற்றினார்.

இறுதியில் மீனின் பித்தத்தால் அவர் பார்வை பெற்றதை இறைவனின் இரக்கமாக வாசிக்க வேண்டுமேயன்றி, ஒரு மருந்துக் குறிப்பாக அன்று. நாம் இங்கே கவனிப்பது அதற்கு முந்திய பகுதியை. நோய் இன்னதென்று அறியாமல் பூசும் மருந்து கண்ணைக் கெடுக்கலாம். ஒருவரின் கண் கெட்டால் அந்தச் சுமை முழுக் குடும்பத்தின் மேலும் விழும். ஆகவே பின்வருவனவற்றைத் தவிர்ப்போம்.

• வைத்தியரின் துண்டு இல்லாமல் ஸ்டீரொயிட் கலந்த சொட்டு மருந்தை வாங்கி விட வேண்டாம். டெக்சாமெதசோன், பெற்றாமெதசோன், பிரெட்னிசொலோன் என்பன இவற்றுட் சில. போத்தலில் உள்ள பெயரை ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த பிள்ளையைக் கொண்டு வாசித்துப் பாருங்கள். இவை சிவப்பை விரைவில் மறைக்கும். அதனாலேயே மக்கள் நம்பி மீண்டும் மீண்டும் வாங்குகின்றனர். ஆனால் நீண்ட காலம் பாவித்தால் கண்ணின் உள் அழுத்தம் கூடிப் பார்வை நரம்பு பழுதடையும், கண்புரையும் வரும். அழுத்தத்தால் இழந்த பார்வை திரும்பி வராது. வைத்தியர் இவற்றைத் தந்தால், அவர் சொன்ன நாட்களுக்கு மட்டும் பாவிக்கவும்.

• ஒருவருக்குத் தந்த மருந்தை இன்னொருவர் பாவிக்க வேண்டாம். திறந்து நாலு கிழமை கடந்த சொட்டு மருந்தை எறிந்துவிடவும்.

• இலைச் சாறு, பூச்சாறு, எலுமிச்சம்புளி, தேன், தாய்ப்பால் முதலியவற்றைக் கண்ணில் விட வேண்டாம். அன்போடு செய்தாலும் அவற்றோடு கிருமியும் பூஞ்சணமும் கண்ணுக்குள் போகலாம். தாய்ப்பால் குழந்தையின் வயிற்றுக்கு ஒப்பற்ற உணவு. கண்ணுக்கு மருந்து அன்று.

• இமைமயிரில் பேனோ ஈரோ கண்டால் மண்ணெண்ணெய், பூச்சிகொல்லி, பேன் மருந்து எதனையும் இமையில் தொடக் கூடாது. வைத்தியரிடம் காட்டவும்.

• கிருமி கொல்லும் என்று எண்ணி டெற்றோல் போன்றவற்றை ஒத்தடத் தண்ணீரில் கலக்க வேண்டாம்.

7. வைத்தியசாலைக்கு எப்போது செல்ல வேண்டும்?

எமது நாட்டில் அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம். எனினும் பஸ் செலவும் இழக்கும் நாட்கூலியும் எம்மைத் தாமதிக்கச் செய்கின்றன. எதற்குப் பொறுத்திருக்கலாம், எதற்குப் பொறுத்திருக்கக் கூடாது என்பதைத் தெளிவாக அறிந்துகொண்டால் வீண் செலவும் இல்லை. வீண் இழப்பும் இல்லை.

அன்றைய தினமே செல்ல வேண்டியவை:
• கண்ணில் கடும் நோவு அல்லது பார்வை குறைதல்.
• வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் கண் கூசுதல்.
• கருவிழியில் வெள்ளைப் புள்ளி தோன்றுதல்.
• நெல் உமி, வைக்கோல், குச்சி, மண் கண்ணில் பட்டபின் சிவப்பும் நோவும் தொடர்தல். இதனால் பூஞ்சணத் தொற்று ஏற்பட்டுக் கண்ணில் புண் உண்டாகலாம். விவசாயிகள் இதனை ஒருபோதும் அலட்சியம் செய்யக் கூடாது.
• இமை முழுவதும் வீங்கிச் சூடாகிக் காய்ச்சலும் சேர்தல், சிறப்பாகப் பிள்ளைகளுக்கு.
• பிறந்து ஒரு மாதத்துக்குட்பட்ட குழந்தையின் கண்ணில் பீளையும் வீக்கமும் காணப்படுதல்.

கண்ணில் கிருமிநாசினி, சுண்ணாம்பு போன்றவை தெறித்தால், முதலில் கிடைக்கும் சுத்தமான தண்ணீரால் அரை மணித்தியாலம் வரை கண்ணைத் திறந்து கழுவிய பின்னரே பயணத்தைத் தொடங்கவும்.

அவசரமின்றி, ஆனால் தவறாமல் காட்ட வேண்டியவை:
• நான்கு முதல் ஆறு கிழமை ஒழுங்காகப் பராமரித்தும் குறையாத அழற்சி.
• இமைமயிர் உட்பக்கம் வளைந்து விழியை உரசுதல். இதை வீட்டில் பிடுங்க வேண்டாம்.
• ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வரும் கட்டி, அல்லது ஒரு கண்ணின் இமையில் மட்டும் மாறாத தடிப்பும் இமைமயிர் உதிர்வும். முதியோரில் இது மிக அரிதாகப் புற்றுநோயின் அறிகுறியாக இருக்கலாம்.

வைத்தியர் இமை ஓரத்தில் பூசக் குளோரம்பெனிகோல் போன்ற களிம்பு தரலாம். ஒத்தடமும் துடைத்தலும் முடிந்த பின்னரே அதனைப் பூச வேண்டும். பொருக்கின் மேல் பூசிய களிம்பு பயன்தராது. நாட்பட்ட அழற்சிக்குச் சிலருக்கு டொக்சிசைக்கிளின் மாத்திரை தருவதுண்டு. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார் ஆகியோர் தமது நிலையை வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அம்மாத்திரை அவர்களுக்கும் சிறுபிள்ளைகளுக்கும் ஏற்றதன்று. எந்த மருந்தை எடுத்தாலும் நாளாந்தப் பராமரிப்பை நிறுத்தக் கூடாது.

செல்லும்போது கிளினிக் கொப்பியையும், இதுவரை பாவித்த எல்லா மருந்துப் போத்தல்களையும் மறைக்காமல் கொண்டு செல்லுங்கள்.

8. குழுவாகச் செய்யக்கூடியவை

மாதர் சங்கம், அன்பியம், கிராம அபிவிருத்திச் சங்கம் எதுவாயினும், இப்பாடத்தை ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்கலாம். பின்னர் ஒருவர் நான்கு படிகளையும் எல்லோருக்கும் முன்பாகச் செய்து காட்டட்டும். கேட்டதை விடப் பார்த்தது மனதில் நிற்கும். வாசிக்கத் தெரியாத முதியோரும் பயனடைவர்.

கொட்டில்களில் புகை போகும் வழி அமைப்பதற்கு அயலவர் இருவர் மூவர் சேர்ந்தால் ஒரு நாளில் முடித்துவிடலாம். தண்ணீர் போதாத இடங்களில், ஒவ்வொரு குடும்பத்துக்கும் நாளொன்றுக்கு எத்தனை குடம் கிடைக்கிறது என்பதை ஒரு கிழமை எழுதி வைத்து, ஆளுக்கு எத்தனை லீற்றர் என்று கணக்கிடுங்கள். அந்தக் கணக்கோடு கிராம அலுவலரையும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் சந்தியுங்கள். "தண்ணீர் போதாது" என்ற முறைப்பாட்டை விட, "எமக்கு ஆளுக்கு இத்தனை லீற்றர்தான் கிடைக்கிறது, 15 லீற்றராவது வேண்டும்" என்ற கோரிக்கைக்கு வலு அதிகம்.

கலந்துரையாடலுக்கான கேள்விகள்

1. எமது குடியிருப்பில் யார் யாருக்குக் காலையில் இமை ஒட்டும் தொல்லை உள்ளது? அவர்களில் பெண்கள் எத்தனை பேர்? ஏன்?
2. கடந்த ஒரு வருடத்தில் கண் மருந்துக்காக எமது வீட்டில் எவ்வளவு செலவழித்தோம்? யாரைக் கேட்டு வாங்கினோம்?
3. எமது முதியோரின் கண் வைத்தியங்களில் எவற்றைத் தொடரலாம்? எவற்றை விட வேண்டும்?
4. வீட்டில் தண்ணீர் குறையும்போது யாருடைய தேவை முதலில் குறைக்கப்படுகிறது? அதனை எவ்வாறு மாற்றலாம்?
5. எமது அயலில் தனித்து வாழும், கண் தெளிவாகத் தெரியாத முதியவர் எவரேனும் உண்டா? அவருக்குக் காலையும் இரவும் ஒத்தடம் கொடுக்க எம்மில் யார் பொறுப்பேற்போம்?

ஐந்தாவது கேள்விக்குப் பெயர் குறித்து விடை எழுதிய பின்னர் கூட்டத்தை முடியுங்கள். அடுத்த கூட்டத்தில் அந்த முதியவரின் சுகம் விசாரித்துத் தொடங்குங்கள்.